மெக்சிகோ மிளகாய்க்கு உள்ள மரியாதை

1

டெல்லியில் இருப்பதை வெளிநாட்டு வாழ்க்கை என்று சொன்னால் திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கைக்குச் சிரிப்பு வருகிறது. "ரயில் ஏறி ரெண்டு ராத்திரி தூங்குனா வந்துரலாம், அது என்னக்கா வெளிநாடு" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். இங்கே வர பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், வாசலில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வந்து இறங்கியதும் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர் போனவர்களுக்கும் அமெரிக்கா போனவர்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறட்டும் என்று சில வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

விஷயம், எங்கள் கல்யாண நாளுக்கு மெக்சிகோ சாப்பாடு சாப்பிடப் போனதில் ஆரம்பிக்கிறது.

நாங்கள் இருப்பது மோதி பாக்கில், அரசாங்கக் குடியிருப்பில். என் வீட்டுக்காரர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசர் ஆகியிருக்கிறார். குடியிருப்பை ஒட்டி ஒரு சின்ன மார்க்கெட். பால் பூத், மாவு மில், மருந்துக் கடை, ரவிக்கை தைக்கும் மாஸ்டர். நடுவில் ஒரு டிரைகிளீனிங் கடை இருந்தது. அதன் முதலாளி ஓய்ந்து உட்கார்ந்ததும் அவருடைய மகன் லக்கி இஸ்திரி மேஜைகளை அப்புறப்படுத்திவிட்டு அதை மெக்சிகோ சாப்பாட்டுக் கடையாக மாற்றிவிட்டான். சுவரெல்லாம் மஞ்சள் பெயிண்ட். அதன்மேல் அகலத் தொப்பி போட்ட மீசைக்காரர் ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு கள்ளிச்செடி. நாலைந்து மேஜை, பிளாஸ்டிக் பூ, ஒரு டேப் ரெக்கார்டர். பாட்டு மட்டும் பஞ்சாபிப் பாட்டு. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னமும் துணி வெளுத்த பெட்ரோல் வாசனை வருகிறது என்று தையல் மாஸ்டர் சொன்னார்.

அங்கே போகவேண்டும் என்றவன் என் மகன் கார்த்திக். ஒரே பிள்ளை. டெல்லியை ஒட்டிய குர்காவோனில் கால் சென்டரில் வேலை. ராத்திரி முழுக்க அமெரிக்காவோடு பேசிவிட்டுப் பகலெல்லாம் தூங்குவான். வேலையில் அவன் பெயர் கெவின். அமெரிக்காவில் யாரோ ஒரு அம்மாளின் துணி துவைக்கும் மெஷின் ஓடாவிட்டால் கெவின் பேசுகிறேன் என்று சொல்லி இவன் வழி சொல்வான். வேலைக்குச் சேர்ந்ததும் அமெரிக்கர்கள் என்ன சாப்பிடுவார்கள், எந்த விளையாட்டைப் பார்ப்பார்கள் என்று பள்ளிக்கூடம் மாதிரி உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். மெக்சிகோ சாப்பாட்டு ருசி அதில் ஒட்டிக்கொண்டது.

"எவ்ரி இயர் கரோல் பாக் போய் அதே தோசா. போர் ஆயிடுச்சும்மா. இந்த வாட்டி நான் சொல்ற எடம். நம்ம மார்க்கெட்லயேதான், பஸ் கிஸ் ஒண்ணும் வேணாம்" என்றான்.

அன்றைக்குக் கிருத்திகையாகவும் அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பழனிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை. மற்ற நாளில் எலும்பைக் கடித்துத் துப்புகிறவர், கிருத்திகையன்று கவிச்சி தொடமாட்டார். சைவம் கிடைக்குமா என்று கேட்டேன். "எல்லாமே ராஜ்மாதாம்மா, சப்பாத்தில சுத்திக் குடுப்பாங்க" என்றான் மகன்.

"அப்பச் சரி. மெக்சிகோக்காரன் என்னதான் திங்கிறான்னு பாத்துருவோம்" என்றார் இவர். எதற்கும் சரி என்பது அவர் சுபாவம். அதை நல்ல குணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

2

மேஜை சொல்லிவைக்க அவரே போன் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அதனால் அவர் பேசியது என் காதில் தெளிவாக விழுந்தது. "முருகேசன். தீன் லோக். தோபஹர் மே." முருகேசன், மூன்று பேர், மத்தியானம். அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது. "ஹோ ஜாயேகா ஜி, ஹோ ஜாயேகா", ஆகிவிடும் ஆகிவிடும் என்று லக்கி போனை வைத்துவிட்டான்.

மத்தியானம் போனோம். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். டிரைகிளீனிங் கடைக்குப் பட்டுப்புடவையைக் கையில் எடுத்துப்போயிருக்கிறேன், கட்டிக்கொண்டு போனது அன்றுதான். லக்கி வாய் நிறையச் சிரித்து உட்காரவைத்தான். கார்த்திக்கின் தோளில் தட்டி, "கெவின் பாய்" என்றான். இவனும் கூச்சமே இல்லாமல் சிரித்தான். ஆபீஸ் பெயர் மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் முக்கோண முக்கோணமாகப் பொரித்த அப்பளம் மாதிரி ஒன்று வந்தது. சோள மாவாம். தொட்டுக்கொள்ளத் தக்காளியையும் வெங்காயத்தையும் பச்சையாக நறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தார்கள். இன்னொரு கிண்ணத்தில் பச்சையாக ஒரு மசியல். மெக்சிகோவில் அதை ஏதோ பழத்தில் செய்வார்களாம், அந்தப் பழம் டெல்லியில் கிடைக்காததால் லக்கி பச்சைப் பட்டாணியை வேகவைத்து அரைத்திருந்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. காரமான மிளகாய் வேண்டும் என்று மெனு அட்டையைப் பார்த்து, "ஜலபீனோ" கேட்டேன்.

லக்கி என்னைத் திருத்தினான். மரியாதையாகத்தான் திருத்தினான். "ஆண்ட்டிஜி, ஜே நஹி போல்தே. ஹ. ஹ-ல-பேன்-யோ." என்னைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். கடைசியில் 'நோ' இல்லை, 'ன்யோ' என்றான். மறுபடி சொன்னேன். அமெரிக்காவில் அவனுடைய அத்தை மகன் இருக்கிறானாம், அவன் போனில் கற்றுக்கொடுத்தானாம். டார்ட்டில்லா என்று எழுதியிருக்கும், டார்ட்டியா என்று சொல்லவேண்டும். கேஸடில்லா என்று எழுதியிருக்கும், கேஸடியா என்று சொல்லவேண்டும். எழுதியிருப்பதைப் படிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்கிற மாதிரி சொன்னான். என் வீட்டுக்காரர் நல்ல மாணாக்கராக எல்லாவற்றையும் கூடவே சொல்லிப் பார்த்தார். "ஹலபேன்யோ. நல்லாத்தேன் இருக்கு, சொல்றதுக்கு" என்றார். மிளகாய் என்னவோ வினிகரில் ஊறிய நம் பஜ்ஜி மிளகாய்தான்.

பிறகு தட்டுகள் வந்தன. மூன்று தட்டு. ஒவ்வொன்றிலும் டார்ட்டியா விரித்து, அதன்மேல் செக்கச்செவேல் என்று கோழி. மேலே பனீர் துருவல், கொத்தமல்லி. லக்கி ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆப்கா முர்க்-ஏ-ஷான்" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. நாங்கள் இன்னும் சாப்பாடு சொல்லவே இல்லை என்றார் இவர். சொன்னீர்களே என்றான் லக்கி. காலையில் போனில் சொன்னீர்கள், முர்க்-ஏ-ஷான், மூன்று. எங்கள் மெனுவில் இல்லாத அயிட்டம், இருந்தாலும் குரல் தெரிந்த பழைய வாடிக்கை கேட்கிறாரே என்று சமையல்காரரும் நானும் உட்கார்ந்து யோசித்துச் செய்தோம். முர்க்-ஏ-முசல்லம் மாதிரி ஏதோ மொகலாய் கோழி என்று புரிந்துகொண்டோம்.

கார்த்திக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். எனக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் விளங்கியது. முருகேசன், மூன்று பேர். முர்க்-ஏ-ஷான், மூன்று பிளேட். கிருத்திகையன்று, கல்யாண நாளன்று, என் வீட்டுக்காரரின் பெயரை வறுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டும். இந்தியில் முர்கா என்றால் சேவல். முர்கி என்றால் கோழி. முர்க் என்றால் சமைத்துத் தட்டில் வைத்த கோழி. இந்த ஊரில் முருகேசன் என்று ஒருவர் வாய் திறந்து பெயர் சொன்னால் கேட்கிறவன் உதடு ஒரு பக்கமாகத் துடிக்கும். நாகரிகம் உள்ளவன் அடக்கிக்கொள்வான். அடக்கிக்கொண்டவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அலுவலகத்தில் அந்தச் சிரிப்பு வராமல் போனதற்குக் காரணம் வேறொரு அநியாயம். இவர் பெயர் கா. முருகேசன். 'கா' என்பதை விரித்து எழுது என்றார்கள். காளியப்பன், என் மாமனார் பெயர். அதைக் குடும்பப் பெயராக்கி, இவரை மிஸ்டர் காளியப்பன் ஆக்கினார்கள். ஆபீசர்கள் வாயில் அது காலியப்பன் ஆயிற்று. டீ கொண்டுவருகிறவர் வாயில் காலியா ஆயிற்று. காலியா என்றால் கருப்பன். இத்தனை வருஷமாக என் வீட்டுக்காரர் தன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், அந்த அப்பா ஒரு தடவைகூட டெல்லிக்கு வந்ததில்லை.

ரேஷன் கார்டில் முர்கேஷ். சமையல் கேஸ் புத்தகத்தில் முர்கே சிங். வங்கியில் எப்படியோ ஒரு பெண் பெயர் மாதிரி முருகேஷி. திருத்தச் சொல்லிப் போனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம் தெரியும். "மேடம், எல்லாம் ஒண்ணுதானே, என்ன வித்தியாசம்?" அவர் பெயரையே பல்லி என்று நான் எழுதிக்கொடுத்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

கார்த்திக்கைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கரோல் பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்தில் இருந்த பள்ளியில் சேர்த்தோம். பையனுக்குக் குடும்பப் பெயர் என்ன என்றார் குமாஸ்தா. எங்களில் அப்படி ஒன்று கிடையாது என்றோம். பெயர் இல்லாத குடும்பம் இருக்குமா என்று அவரே அப்பா பெயரைச் சேர்த்து கார்த்திக் முருகேசன் என்று எழுதிவிட்டார். வகுப்பில் அது முர்கா ஆக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இந்த ஊர்ப் பள்ளியில் முர்கா என்று ஒரு தண்டனை உண்டு. குனிந்து, முழங்காலுக்குப் பின்னாலிருந்து கையை விட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத எல்லாப் பிள்ளைகளும் நிற்பார்கள். என் பிள்ளை மட்டும் எழுதினாலும் நிற்பான். "முர்கா, முர்கா பன்", சேவலே, சேவலாகு என்று வாத்தியார் சொல்லுவார், வகுப்பு சிரிக்கும், வாத்தியாருக்கு அன்றைய தமாஷ் முடிந்துவிடும். தெரிந்ததும் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டி, என் பிள்ளையை இனிமேல் முர்கா ஆக்காதீர்கள் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேனோ, பள்ளிக்கூடத்தில் முர்கா சமைக்காதீர்கள் என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. "இங்கே நாங்கள் சமைப்பதில்லை, பெஹன்ஜி" என்றார் வாத்தியார். பக்கத்து அறையிலிருந்தும் வந்து சிரித்தார்கள். அந்த வாத்தியாருக்கு இன்றுவரை நான் மனத்தில் நல்லது நினைத்ததில்லை.

4

மேஜைக்கு வருகிறேன். நான் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடு. சாமி கொடியிலயே சேவல்தான இருக்கு. இன்னைக்குத் தட்டுக்கு எறங்கி வந்துருச்சு" என்றார்.

"சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றேன்.

லக்கிக்கு எங்கள் தமிழ் புரியாது, என் முகம் புரிந்தது. கோழியை எடுத்துப்போய்விடுகிறேன், ராஜ்மா கொண்டுவருகிறேன் என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைய பொழுது போயிருக்கும். இனிமேல் தப்பு நேரக்கூடாது, பெயரை இன்னொரு தடவை சொல்லுங்கள், போன் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுகிறேன் என்றான். பேனாவையும் எடுத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். கையை லேசாக ஆட்டி, "சோடோ ஜி. குமார் லிக் லோ" என்றார். விடுங்கள், குமார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"குமார். பஹுத் அச்சா. ஈஸி" என்று லக்கி எழுதிக்கொண்டு போனான்.

ஒரு மிளகாயின் பெயரைச் சரியாகச் சொல்ல அமெரிக்காவுக்குப் போன் போட்டுக் கற்றுக்கொண்டவன் அவன். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மனிதனின் பெயரைக் கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை, கொடுக்க இவருக்குத் துணிவு இல்லை. "என்னங்க, உங்க பேரு குமாரா?" என்று கேட்டேன்.

பதில் கார்த்திக்கிடமிருந்து வந்தது. "பாத்தியாம்மா, அப்பாவே சொல்லியாச்சு. நானும் அதான் போடப்போறேன்."

"எதுல போடப்போற?"

"பாஸ்போர்ட்ல. கம்பெனி அமெரிக்கா அனுப்பறாங்க, ட்ரெய்னிங்குக்கு. கார்த்திக் குமார். கோர்ட்டுக்கு வெளியே அஃபிடவிட் பண்ணியாச்சு. பேப்பர்ல விளம்பரமும் குடுத்தாச்சு. இன்னிக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன்."

இந்த விருந்து எதற்கு என்று அப்போது விளங்கியது. என் வீட்டுக்காரர் வினிகர் மிளகாயை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா என்று அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. "பெரிய பையன், அவன் இஷ்டம்" என்றார்.

"கெவின்னு வச்ச, சம்பளத்துக்குன்னு விட்டேன்" என்று மகனைக் கேட்டேன். "இது யாரு குடுக்குற சம்பளத்துக்குடா? ஒனக்கு ஒரு அப்பன் இருக்காரு, அவருக்கு ஒரு பேரு இருக்கு. அது அமெரிக்காவுக்கு ஆகாதா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தமிழில் வார்த்தை தேடித் தேடிப் பேசினான்.

"நீ ஏன்மா கோவப்படறே? நீ ஒரு தடவையாவது அந்தப் பேர சொல்லியிருக்கியா? ரேஷன்ல, கேஸ்ல, டிஸ்பென்சரில, எல்லா கவுண்டர்லயும் நாந்தான் சொன்னேன். அவன் நாம் பதாவோ, பேரு சொல்லுன்னு கேப்பான், நீ என்னை முன்னாடி தள்ளுவே. சொல்றா, சொல்றான்னு. நான் சொல்வேன். லைன் ஃபுல்லா சிரிக்கும். ஒனக்குத் தெரியுமா, நான் சொல்றதுக்கு முன்னாலயே ரெடியா இருப்பேன், இப்ப சிரிப்பாங்கன்னு."

5

அவன் சொன்னது உண்மை. புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

எழுதுவேன். இந்தக் குறிப்பில் எத்தனை தடவை எழுதிவிட்டேன் பாருங்கள். எழுதுவதற்குத் தடை கிடையாது. சொன்னால்தான் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது நாத்தனார்கள் இரண்டு பேரும் நிலைப்படியை மறித்துக்கொண்டு, மாப்பிள்ளை பெயரைச் சொன்னால்தான் வழி என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. நான் சொல்லவில்லை. கடைசியில் என் மாமியார் வந்து, பிள்ளை மயங்கி விழுந்துவிடப்போகிறாள் என்று அவர்களை விலக்கிவிட்டார். அழுத்தக்காரி என்று எனக்குப் பெயர் வந்தது, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

திண்டுக்கல்லில் அந்த வழக்கத்துக்கு ஒரு சிரமமும் இல்லை. மளிகைக் கடையில், ரேஷன் கடையில், பேருந்தில்கூட நான் யார் வீட்டுப் பெண் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவே மாட்டார்கள். டெல்லியில் எல்லா ஜன்னலிலும் முதல் கேள்வியே "பதி கா நாம்?" புருஷன் பெயர் என்ன. என்னால் என்ன செய்ய முடியும்? கார்டை நீட்டினால், அதில் தப்பாக இருக்கிறது. சீட்டில் எழுதி நீட்டினால், இவளுக்குப் பேச்சு வராது என்று சைகையில் பேசுவார்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தான், இந்தி நன்றாகப் பேசினான். அப்பா பெயரைப் பிள்ளை சொல்வதில் என்ன குறை?

எனக்கு அது தப்பாக அப்போது தோன்றவில்லை. இப்போதும் முழுதாகத் தோன்றவில்லை. சிரித்தவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. ஊரெல்லாம் சேர்ந்து கேலி செய்தது, கணக்கு மட்டும் அம்மா தலையில் எழுதப்படுகிறது.

லக்கி ராஜ்மா சுற்றிய டார்ட்டியாக்களோடு வந்தான். என் ஆத்திரம் எல்லாம் அவன்மேல் திரும்பியது. "மிர்ச்சி கா நாம் ஸீக் லியா. ஆத்மி கா நாம் நஹி ஸீகா" என்றேன். மிளகாயின் பெயரைக் கற்றுக்கொண்டாய், மனிதனின் பெயரைக் கற்றுக்கொள்ளவில்லை. டெல்லிக்கு வந்ததிலிருந்து நான் பேசிய இந்தியில் பிழையில்லாத வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

லக்கி தட்டுகளை வைத்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு என் வயதில் அம்மா இருக்கிறாள். "தோ பதாவோ நா, ஆண்ட்டிஜி. ஸீக் லேதே ஹைன்" என்றான். நீங்களே சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன். நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றான்.

வாயைத் திறந்தேன். வரவில்லை.

கார்த்திக் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு திறந்திருக்கிறது, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ஐந்து எழுத்து கீழே இறங்கமாட்டேன் என்கிறது. லக்கி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கோயி பாத் நஹி", பரவாயில்லை என்று நகர்ந்தான். அவன் நல்லபடியாகப் போனதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ராஜ்மாவை எல்லோரும் சாப்பிட்டோம். ருசி இப்போது ஞாபகம் இல்லை. கோழியைப் பொட்டலம் கட்டித் தந்தான், வாங்கிக் குடியிருப்பு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். புடவையை அவிழ்த்து மடிக்கும்போது, இவர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, "அதுக்காக நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்றார். எதற்காக என்று சொல்லவில்லை. என் கோபம் அவர் மேலும்தான் என்பது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

6

கார்த்திக் பின்வாங்கவில்லை. நான் சாப்பாடு போட்டுக்கொண்டே இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அவன் தூங்கிக்கொண்டே இரண்டு நாள் பேசாமல் இருந்தான். பத்திரிகையில் விளம்பரம் வந்தது. எங்கள் மெடிக்கல் கார்டில் ஒரு பெயர், அவனுக்கு ஒரு பெயர் என்று ஆகிவிட்டால் நாளைக்கு எத்தனை ஜன்னல் ஏறி இறங்கவேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் மேனேஜ் ஆயிடும்" என்றான். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு எல்லாம் ஆகிவிடும்.

பாஸ்போர்ட்டுக்கு முன்னால் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் அல்லவா, அந்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நடுத்தர வயது, தொப்பை, கையில் ஃபைல். கார்த்திக் ராத்திரி வேலை முடிந்து உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். இவர் குளியலறையில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். டெல்லியில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும், அது இந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம். அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

"கார்த்திக் குமார் யஹீன் ரஹ்தா ஹை?" என்றார்.

கார்த்திக் குமார் இங்கே இருக்கிறானா. யார் என்று ஒரு கணம் எனக்கே குழம்பிவிட்டது. ஆமாம், என் மகன் என்றேன்.

"பிதா கா நாம்?", அப்பா பெயர் என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காகிதத்தை அவரே படிக்க ஆரம்பித்தார். "முர்... முர்கா... முர்கே..." அவர் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. "யே கைஸா நாம் ஹை, பெஹன்ஜி?" இது என்ன மாதிரிப் பெயர்.

முன்னால் தள்ள ஆள் இல்லை. இருந்த ஒருவனும் குமார் ஆகி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

"முருகேசன்" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. குளியலறைக் கதவு திறந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரையோடு இவர் வெளியே வந்து, "என்ன?" என்றார். கூப்பிட்டதாக நினைத்துவிட்டார். கூப்பிட்டது நான் என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் எழுதமுடியாது.

"ஒங்களக் கூப்பிடலைங்க. இவருக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ஹான், முர்கேசன்" என்று போலீஸ்காரர் பேனாவை எடுத்தார்.

"முர்கே இல்லை. மு, ரு. தனித்தனியாக. சொல்லுங்கள்" என்றேன் இந்தியில். எழுதினால் போதும் பெஹன்ஜி, ஃபைலில் சரியாகத்தான் இருக்கிறது என்றார். எழுதினால் போதாது, என் வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள், இப்போது சரியாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள் என்றேன். போலீஸ்காரரிடம் இப்படிப் பேசலாமா, பாஸ்போர்ட்டை நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது. நிறுத்தினால் நிறுத்தட்டும் என்றும் இருந்தது.

அவர் உதவிக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஆம்பளைக்கு ஆம்பளை, விடுங்கள் ஜி என்று இவர் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் பயந்தேன். இவர் வாயைத் திறக்கவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"முருக்... ஏசன்."

"முருகேசன்" என்றேன் மறுபடியும். இந்தத் தடவை எனக்குத் தடங்கலே இல்லை.

"மு-ரு-கே-சன்" என்றார் அவர்.

அதன் பிறகுதான் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.